உப்பங்கழிக் காட்டை மீட்ட இரு நாட்டுச் சங்கம்

வாய்க்கால் வெட்டுவது ஒரு பருவத்து வேலை. அதைத் தூர் வாரிக் காப்பது தலைமுறை தலைமுறையாகச் செய்ய வேண்டிய வேலை. இது நீர்ப்பாசனத்தில் பழகிய குடியானவர் யாவரும் அறிந்த விஷயம். வெட்டுவதற்கு வேண்டிய பணம் சர்க்காரிடமிருந்து வரலாம். கடல் கடந்த தேசத்திலிருந்தும் வரலாம். தூர் வாரும் ஆள் மட்டும் அந்த ஊரிலேயே இருக்க வேண்டும். இவ்வுண்மையை விளக்குவதற்கு வில்லியனூர், பாகூர்க் கொம்யூன்களின் ஏரிகளே போதுமானவை. ஆயினும், இவ்விடத்திலிருந்து கடலூர், சிதம்பரம் வழியாக ஒரே நாளில் போய்த் திரும்பக்கூடிய பிச்சாவரத்தில், இந்தியாவும் கனடாவும் ஒரு சங்கத்தின் வாயிலாகக் கூடிச் செய்த காரியம் இதனை இன்னும் தெளிவாகக் காட்டுவதாகும். அதன் வரலாறும் முறையும் இங்கே விவரிக்கப்படுகின்றன.

உப்பங்கழியில் வளரும் காட்டைப் பற்றி, நெல்லும் கரும்பும் பயிரிடும் ஒதியம்பட்டு விவசாயிகளுக்கு என்ன கவலை என்று சிலர் கேட்கக்கூடும். சங்கராபரணி ஆறு வில்லியனூரைக் கடந்து கீழ்த்திசை சென்று கிளை பிரிந்து கடலை அடைகின்றது. ஆற்றில் நன்னீர் வற்றும் கோடைக் காலத்தில் முகத்துவாரத்தின் வழியே கடல்நீர் உள்ளே ஏறுவது இயல்பு. கரையோரப் பகுதிகளில் ஆழ்குழாய்க் கிணறுகளால் நிலத்தடி நீரை அளவுக்கு மீறி எடுத்தால், உப்புநீர் நிலத்துக்கு அடியிலும் நகர்ந்து வரும். ஏரியில் நீர் நின்றால் அது நிலத்துள் ஊறி, உப்பை எதிர்த்து நிற்கும். முகத்துவாரத்தில் கண்டல் மரங்கள் செழித்தால் கரை அரிக்கப்படாது. ஆகையால் மேல்புறத்து ஏரியும் கீழ்புறத்து உப்பங்கழியும் ஒரே நீர்வழியின் இரு முனைகளாகும். ஒன்றைக் காக்கும் முறை மற்றொன்றுக்கும் பாடமாகும்.

சங்கம் என்பது யாது?

இரண்டு தேசங்கள் ஒரு காரியத்தில் கூடுவதானால், பணம் கொடுக்கும் தேசம் அதை மற்றைத் தேசத்தின் கஜானாவில் செலுத்துவதும், அங்கிருந்து இலாகாக்களின் வழியாக அது செலவாவதும் வழக்கமான முறை. இம்முறையில் கணக்கு ஒழுங்காயிருக்கும்; ஆனால் பணம் ஊரை அடைவதற்குள் பல படிகளைக் கடக்க வேண்டும். மற்றொரு முறை, இரு தரப்பினரும் சேர்ந்து இலாப நோக்கமற்ற ஒரு சங்கத்தை அமைத்து, அதன் பொறுப்பில் நிதியை ஒப்படைப்பதாகும்.

இந்தியாவில் இத்தகைய சங்கங்கள் 1860-ஆம் ஆண்டின் சங்கப் பதிவுச் சட்டத்தை அடிப்படையாகக் கொண்டவை. தமிழ்நாட்டில் 1975-இல் இதற்கெனத் தனிச்சட்டம் இயற்றப்பட்டது. 1860-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி, ஏழு பேருக்குக் குறையாதவர்கள் கூடித் தங்கள் சங்கத்தின் பெயர், நோக்கம், நிர்வாகிகளின் பெயர் ஆகியவற்றைக் குறித்த அமைப்புப் பத்திரத்தையும், விதிகளின் நகலையும் பதிவாளரிடம் கொடுத்துப் பதிவு செய்துகொள்ளலாம். ஆண்டுதோறும் நிர்வாகக் குழுவின் பட்டியலைப் பதிவாளருக்கு அனுப்ப வேண்டும். சங்கத்தைக் கலைப்பதற்கு உறுப்பினரில் ஐந்தில் மூன்று பங்கினர் சம்மதிக்க வேண்டும். கலைத்த பின் எஞ்சிய சொத்தை உறுப்பினர்கள் பங்கிட்டுக்கொள்ளக் கூடாது. அது வேறொரு சங்கத்துக்கே சேர வேண்டும்.

கடைசியிற் சொன்ன விதி முக்கியமானது. கம்பெனியில் போட்ட முதலுக்கு இலாபம் உண்டு. கூட்டுறவுச் சங்கத்தில் பங்குக்கு ஏற்ற ஈவுத்தொகை கிடைப்பதுண்டு. இலாப நோக்கமற்ற சங்கத்தில் பணம் நோக்கத்துக்கே உரியது, மனிதருக்கு உரியதன்று. ஆதலின் அயல்நாட்டார் இதை நம்பிப் பணம் தருவதும், நம் நாட்டார் தயக்கமின்றி ஏற்பதும் எளிதாகின்றன.

இந்தியா–கனடா சுற்றுச்சூழல் சங்கம்

1990-ஆம் ஆண்டுகளின் தொடக்கத்தில் இந்திய அரசும் கனடிய அரசும் ஓர் உடன்படிக்கை செய்துகொண்டு, இந்தியா–கனடா சுற்றுச்சூழல் நிதியம் என்ற ஸ்தாபனத்தைப் புது தில்லியில் அமைத்தன. இது இலாப நோக்கமற்ற சங்கமாகப் பதிவு செய்யப்பட்டது. கனடாவின் உதவியே இதன் நிதிக்கு ஆதாரம். நிர்வாகத்தில் இரு அரசுகளுக்கும் பிரதிநிதித்துவம் இருந்தது. நிலம், நீர், காடு முதலிய இயற்கைச் செல்வங்களைக் காக்கும் வேலைகளை இந்நாட்டு ஸ்தாபனங்கள் திட்டமிட்டு விண்ணப்பிக்க, அவற்றை ஆராய்ந்து பொருளுதவி செய்வது இச்சங்கத்தின் தொழிலாயிற்று.

இதன் உதவி பெற்ற வேலைகளுள் நம் பகுதிக்கு மிக அண்மையிலுள்ளது கடலோரச் சதுப்புக் காடுகளை மீட்கும் திட்டமாகும். சென்னையில் 1988-இல் நிறுவப்பட்ட எம். எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம், அந்தந்த மாநில வன இலாகாக்களுடனும் கரையோர ஊர்மக்களுடனும் சேர்ந்து, 1996 முதல் ஏழெட்டு ஆண்டுக் காலம் இதனை நடத்தியது. தமிழ்நாட்டில் பிச்சாவரமும் முத்துப்பேட்டையும், ஆந்திரத்தில் கோதாவரி, கிருஷ்ணை முகத்துவாரங்களும், ஒடிசாவின் கடற்கரையும் இதில் அடங்கின.

காடு அழிந்த காரணம்

பிச்சாவரம் காடு வெள்ளாற்றுக்கும் கொள்ளிடத்துக்கும் இடையே, சுமார் 1,400 ஹெக்டேர், அதாவது ஏறத்தாழ 3,500 ஏக்கர் பரப்புள்ள உப்பங்கழிப் பிரதேசத்தில் அமைந்துள்ளது. வெண்கண்டல், சுரபுன்னை முதலிய மரங்கள் இங்கே மிகுதி. சிதம்பரத்துக்குத் தில்லை என்ற பெயரைத் தந்த தில்லை மரமும் இக்காட்டைச் சேர்ந்ததே. ஆறுகளின் நன்னீரும் கான்சாகிப் வாய்க்காலின் பாசனக் கழிவுநீரும் கடலின் அலைநீரும் இங்கே கலக்கின்றன. இறாலும் நண்டும் மீனும் இக்கலப்பு நீரிலே குஞ்சு பருவத்தைக் கழித்து வளர்கின்றன.

இக்காட்டின் பெரும்பகுதி கடந்த நூற்றாண்டில் மொட்டைத் திடலாயிற்று. ஆடுமாடுகளை மேயவிட்டும் விறகு வெட்டியும் ஊரார் காட்டை அழித்துவிட்டனர் என்பதே உத்தியோகஸ்தர்களின் பொதுவான எண்ணமாயிருந்தது. மேய்ச்சலும் விறகும் சேதம் விளைவித்தது உண்மையே. எனினும் ஆராய்ச்சி நிறுவனத்தார் பழைய பதிவேடுகளையும் நிலத்தின் மட்டத்தையும் ஒருங்கே பரிசீலித்தபோது மூலகாரணம் வேறென்று தெரிந்தது.

காட்டைப் பகுதி பகுதியாகப் பிரித்து, ஆண்டுக்கு ஒரு பகுதியை அடியோடு வெட்டி விற்பது 1970-ஆம் ஆண்டுகள் வரையில் காட்டு நிர்வாகத்தின் முறையாயிருந்தது. வெட்டிய இடத்தில் மரம் தானே முளைத்துவிடும் என்று எதிர்பார்க்கப்பட்டது. மேட்டு நிலத்துக் காட்டில் இது ஓரளவு பலிக்கலாம். சேற்று நிலத்தில் நடந்தது வேறு. நிழல் போனவுடன் வெயில் நேராகச் சேற்றின்மேல் விழுந்தது. சேற்றிலிருந்த நீர் ஆவியாயிற்று. சேறு சுருங்கி நிலமட்டம் தாழ்ந்து, வெட்டிய பகுதி நடுவில் குழிந்த தட்டுப் போல ஆயிற்று. பெரிய அலையின்போது உள்ளே வந்த கடல்நீர் வடிய வழியின்றித் தேங்கிற்று. தேங்கிய நீர் வெயிலில் வற்ற, உப்பு மட்டும் நின்றது. ஆண்டுக்கு ஆண்டு இவ்வாறு படிந்து, மண்ணிலுள்ள உப்பு கடல்நீரின் உப்பையும் மிஞ்சியது. லிட்டருக்கு 35 கிராம் உப்புள்ள கடல்நீரைத் தாங்கக்கூடிய கண்டல் விதையும் அவ்விடத்தில் முளைக்கவில்லை. உமரிச் செடி மட்டும் ஆங்காங்கே நின்றது.

களர், உவர் நிலங்களைத் திருத்திய அனுபவமுள்ள விவசாயிகளுக்கு இது புதிதாகத் தோன்றாது. வடிகால் இல்லாமல் பாய்ச்சிய வயலில் உப்புப் பூப்பதும் இதே காரணத்தாலேயே. உவர் நிலத்துக்கு எவ்வளவு எரு இட்டாலும் வடிகால் இல்லையேல் பயனில்லை. நல்ல நீரைத் தேக்கி, உப்பைக் கரைத்து, வடித்து வெளியேற்ற வேண்டும். மருந்து நோயைப் பொறுத்தது. பிச்சாவரத்தில் நோய் ஊராரின் ஆடுமாடு என்று எண்ணியிருந்த வரையில் வேலியும் காவலுமே மருந்தாகத் தோன்றின. நோய் வடிகாலின்மை என்று அறிந்த பிறகே சரியான மருந்து அகப்பட்டது.

மீன்முள் வாய்க்கால்

அம்மருந்து வாய்க்காலே. இயற்கையான கழி ஒன்றிலிருந்து திடலின் நடுவே ஒரு தலைவாய்க்கால் வெட்டப்படுகின்றது. அதன் இருபுறத்திலும் சாய்வாகக் கிளைவாய்க்கால்கள் வெட்டப்படுகின்றன. மேலிருந்து பார்த்தால் நடுமுள்ளும் பக்கமுட்களும் கொண்ட மீனின் எலும்பைப் போன்று தோன்றுவதால் இதற்கு மீன்முள் வாய்க்கால் என்ற பெயர் பொருந்தும். மேலகலம் மிகுந்தும் அடியகலம் குறைந்தும், கரை சரியாதபடி சரிவாக வாய்க்கால் அமைக்கப்படுகின்றது.

கடல்நீர் நாளுக்கு இருமுறை ஏறி இருமுறை வடிகின்றது. இக்கரையில் அந்த ஏற்றத்தாழ்வு ஏறக்குறைய ஒரு மீட்டருக்குள் அடங்கும். ஆகவே வாய்க்காலின் ஆழத்தை மனம் போனபடி வைத்தல் கூடாது. ஏற்றத்தின்போது நீர் திடலின் கோடி வரையில் செல்லவும், வடியும்போது ஒரு சொட்டும் தேங்காமல் திரும்பவும் வேண்டும். இதற்காக முதலில் மட்டம் பார்த்து, நிலத்தின் உயர்வு தாழ்வுகளைக் குறித்த பின்னரே கோடு போடப்பட்டது. நீர் வந்து வந்து திரும்பும்போது மண்ணிலுள்ள உப்பு சிறிது சிறிதாகக் கரைந்து வெளியேறுகின்றது. வடகிழக்குப் பருவமழை இவ்வேலையை விரைவுபடுத்துகின்றது.

உப்புக் குறைந்த பின் நடவு. வாய்க்காலின் சரிவில், அலைநீர் தினந்தோறும் தொட்டுச் செல்லும் நடுமட்டத்தில் கன்றுகள் நடப்பட்டன. மேலே நட்டால் நீர் எட்டாது. அடியில் நட்டால் கன்று மூழ்கி அழுகும். உப்பை அதிகம் தாங்கும் வெண்கண்டல் பெரும்பான்மையாகவும், நீரோரத்தில் சுரபுன்னை சிறுபான்மையாகவும் இடம் பெற்றன. சுரபுன்னையின் விதை தாய்மரத்திலேயே முளைவிட்டு நீண்ட முருங்கைக்காயைப் போலத் தொங்குவதால், அதை எடுத்து நேரே சேற்றில் ஊன்றலாம்.

இம்முறை ஆராய்ச்சிசாலையில் மட்டும் பிறந்ததன்று. மீன் பிடிப்பதற்காகக் காட்டினுள் வாய்க்கால் வெட்டுவது முத்துப்பேட்டைப் பகுதி மீனவரின் வழக்கம். அவ்வாய்க்கால்களின் இரு கரையிலும் கண்டல் தானாகவே தழைத்திருந்ததை ஆராய்ச்சியாளர்கள் கண்டனர். ஊராரின் பழக்கமும் விஞ்ஞானியின் அளவுகோலும் சேர்ந்தே இம்முறை உருவாயிற்று. பிச்சாவரத்தில் முதலில் 1993-ஐ ஒட்டி 10 ஹெக்டேர் நிலத்தில் மாத்திரம் இது பரீட்சிக்கப்பட்டது. அது பலித்த பின்னரே, 1996 முதல் கனடிய உதவியுடன் பெரிய அளவில் மேற்கொள்ளப்பட்டது. சிறு பரீட்சைக்குப் பின் பெருஞ்செலவு என்ற இந்த ஒழுங்கு, புதிய விதையையோ புதிய எருவையோ மேற்கொள்ளும் விவசாயிகள் யாவரும் பின்பற்றத்தக்கது.

ஊர்ச் சங்கம்

வாய்க்கால் வெட்டுவதற்கு முன்னே மற்றொரு வேலை செய்யப்பட்டது. காட்டை நம்பிப் பிழைக்கும் ஒவ்வோர் ஊரிலும் ஒரு காடு பாதுகாப்புச் சங்கம் அமைக்கப்பட்டது. குடும்பத்துக்கு ஓர் ஆணும் ஒரு பெண்ணும் அதில் உறுப்பினராயினர். ஊரில் முன்பே இருந்த பெரியோர் பஞ்சாயத்தை விலக்கிவிடாமல், அதன் இசைவுடனேயே இப்புதிய சங்கம் இயங்கிற்று. எந்தத் திடலில் எவ்வளவு வாய்க்கால், எத்தனை கன்று, ஆடுமாடுகளுக்கு எவ்விடத்தில் மேய்ச்சல், காவல் யார் என்பவற்றை ஊரார், வன இலாகாவினர், ஆராய்ச்சி நிறுவனத்தார் மூவரும் கூடியிருந்து ஆண்டுத் திட்டமாக எழுதினர்.

இந்த ஆண்டுத் திட்டத்தில் காட்டின் தேவைகளோடு ஊரின் தேவைகளும் இடம் பெற்றன. எம்.ஜி.ஆர். நகர் என்ற குடியிருப்பில் வாழும் இருளர்கள் வலையும் படகும் இன்றி, கழியிலே இறங்கிக் கையால் துழாவி இறால் பிடித்துப் பிழைத்து வந்தவர்கள். இருளர் என்பதற்குரிய சாதிச் சான்றிதழும் அவர்களுக்கு நெடுங்காலம் கிட்டவில்லை. அத்தகையோரிடம் காட்டைக் காப்பாற்றுங்கள் என்று மாத்திரம் உபதேசிப்பது பயன் தராது. சான்றிதழ், பிள்ளைகளின் படிப்பு, வலை முதலிய தொழிற்கருவி ஆகியவை திட்டத்தின் அங்கங்களாயின. காட்டால் தங்களுக்கு நன்மையுண்டு என்று கண்ட பின்னரே அவர்கள் காட்டுக்குக் காவலராயினர்.

மூன்று மாநிலங்களிலும் சேர்ந்து முப்பதுக்கு மேற்பட்ட ஊர்கள் இவ்வேலையில் ஈடுபட்டன. மீட்கப்பட்ட நிலம் ஏறத்தாழ 1,500 ஹெக்டேர், அதாவது சுமார் 3,700 ஏக்கர்.

கண்ட பலன்

வானிலிருந்து துணைக்கோள் எடுத்த படங்களை ஒப்பிட்டு 2003-இல் வெளியிடப்பட்ட ஆய்வின்படி, 1986-க்கும் 2002-க்கும் இடையே பிச்சாவரத்தில் காடு அடர்ந்த பரப்பு ஏறத்தாழ 90 சதவீதம் அதிகரித்தது. வெட்டுவதை நிறுத்தியது, வாய்க்கால் வெட்டியது, ஊரார் காத்தது ஆகிய மூன்றும் சேர்ந்து விளைந்த பலன் இது.

2004-ஆம் ஆண்டு டிசம்பர் 26-ஆம் தேதி ஆழிப்பேரலை கடலூர் மாவட்டக் கரையைத் தாக்கியது. கண்டல் காட்டுக்கும் அடர்ந்த மரங்களுக்கும் பின்னே இருந்த ஊர்களில் சேதம் குறைவாயிருந்ததாக 2005-இல் வெளிவந்த ஆய்வுகள் கூறின. அவ்வூர்கள் கடலுக்குத் தூரமாகவும் மேட்டிலும் இருந்ததே பெரிய காரணம் என்று வேறு சில அறிஞர்கள் பின்னர் மறுத்தனர். இரு தரப்பையும் சீர்தூக்கினால், மரம் அலையின் வேகத்தை ஓரளவு குறைக்கும் என்பதையும், மரத்தை மாத்திரம் நம்பித் தாழ்ந்த கரையில் வீடு கட்டலாகாது என்பதையும் ஒப்புக்கொள்ள வேண்டும். பலனை மிகைப்படுத்திச் சொல்வது நல்ல வேலைக்கும் கெடுதலே செய்யும். பிச்சாவரம் 2022-இல் சர்வதேச முக்கியத்துவமுள்ள சதுப்பு நிலமாக ராம்சார் பட்டியலில் சேர்க்கப்பட்டது.

உதவி நின்ற பின்

இரு தேசங்களின் நட்பு எப்போதும் ஒரே நிலையில் இருப்பதன்று. 1998-ஆம் ஆண்டு மே மாதத்தில் இந்தியா பொக்ரானில் அணுகுண்டுச் சோதனை நடத்தியது. கனடா அதை ஆட்சேபித்துத் தன் தூதரைத் திரும்ப அழைத்ததுடன், தான் அளித்து வந்த உதவியின் பெரும்பகுதியையும் நிறுத்தி வைத்தது. ஆயினும் அவ்வாண்டிலும் அதற்குப் பின்னும் பிச்சாவரத்து வாய்க்கால் வேலை தொடர்ந்து நடைபெற்றது. தனி நிதியும் தனி விதியும் உடைய சங்கத்தின் வாயிலாக ஒரு வேலை நடப்பதன் அனுகூலம் இத்தகைய சமயத்தில் விளங்கும். பின்னர் 2003-இல், சில பெரிய நாடுகளிடமிருந்து மட்டுமே அரசுக்கு அரசு உதவி பெறுவது என்றும், ஏனைய நாடுகள் தொண்டு நிறுவனங்கள் வழியாக உதவலாம் என்றும் இந்திய அரசு தீர்மானித்தது. கனடா அப்போது அந்தச் சில நாடுகளுள் இருக்கவில்லை. திட்டக் காலமும் ஏறக்குறைய அப்பொழுதே முடிவெய்தியது.

இங்கேதான் முக்கியமான கேள்வி எழுகின்றது. மீன்முள் வாய்க்கால் ஒருமுறை வெட்டினால் என்றென்றும் நிற்பதன்று. அலைநீர் கொண்டுவரும் வண்டல் அதில் படியும். குறித்த காலந்தோறும் தூர் எடுக்காவிடில் நீரோட்டம் தடைப்படும்; திடலில் மீண்டும் உப்புநீர் தேங்கும்; நட்ட கன்று வளர்ந்து காடாகுமுன் பட்டுப்போகும். ஒட்டாவாவிலிருந்தும் தில்லியிலிருந்தும் யாரும் மண்வெட்டியுடன் வரப்போவதில்லை. தூர் எடுக்க வேண்டியவர்கள் கழியோரத்து ஊரார். அனுமதியும் துணையும் தர வேண்டியது வன இலாகா. எனவே பெரிய சங்கத்தின் நிதி தீர்ந்த நாளன்று சிறிய சங்கம் உயிருடன் இருக்கின்றதா என்பதே வெற்றி தோல்வியின் உரைகல்லாகும்.

ஒதியம்பட்டும் அதன் அண்டை ஊர்களும்

இக்கேள்வி புதுச்சேரிக்கு மிகவும் பொருந்தும். 1999-இல் தொடங்கி, ஐரோப்பிய ஒன்றியத்தின் உதவியுடன் புதுச்சேரிப் பிரதேசத்தின் 84 ஏரிகளைப் புதுப்பிக்கும் திட்டம் நடைபெற்றது. கரை பலப்படுத்துதல், மதகும் கலங்கலும் பழுதுபார்த்தல், வரத்துக்கால் தூர் எடுத்தல் ஆகியவற்றுடன், ஏரிதோறும் பயன்படுத்துவோர் சங்கம் அமைப்பதும் அதன் அங்கமாயிருந்தது. நிலமுடையோர் மட்டுமன்றி நிலமற்றோரும் பெண்களும் அச்சங்கங்களில் இடம் பெற்றனர்.

ஏரிக்கு ஊராரே பொறுப்பு என்பது இப்பிரதேசத்துக்குப் புதிய கருத்தன்று. குடிமராமத்து பழைய தமிழ் வழக்கம். பிரெஞ்சுக்காரர் ஆட்சியில், கேஸ் கொம்யூன் என்று வழங்கிய பொது நிதியின் மூலம் ஆயக்கட்டுக்காரர்களே ஏரிச் செலவை ஏற்று நடத்தி வந்தனர். பிற்காலத்தில் ஆழ்குழாய்க் கிணறுகள் பெருகின. தம் வயலிலேயே நீர் கிடைத்ததும் பலருக்கு ஏரியின் நினைவு குன்றியது. வரத்துக்காலில் முட்செடி முளைத்தது. நீர்ப்பிடிப்பில் ஆக்கிரமிப்பு ஏறியது. கிணற்றுக்கு நீர் தருவதே ஏரிதான் என்பதைக் கிணறு வற்றிய பிறகே உணர்கின்றோம்.

ஊசுட்டேரிக்குச் சங்கராபரணியிலிருந்து சுத்துக்கேணி வாய்க்காலும், பாகூர் ஏரிக்குத் தென்பெண்ணையின் சொர்ணாவூர் அணைக்கட்டிலிருந்து பங்காரு வாய்க்காலும் நீர் கொணர்கின்றன. இவ்வாய்க்கால்கள் பல ஊர்களைக் கடந்து வருவன. மேலூரார் அடைத்தால் கீழூராருக்கு நீரில்லை. இரு தேசத்தார் ஒரு சங்கத்தில் கூடி ஒரு வாய்க்காலுக்கு வழி கண்டனர் என்றால், வாய்க்காலின் மேலூராரும் கீழூராரும் ஒரு சங்கத்தில் கூடுவது இயலாத காரியமாகாது.

அரியாங்குப்பத்து ஆற்றின் கழிமுகத்திலும் தேங்காய்த்திட்டுப் பக்கத்திலும் கண்டல் காடு சிறு அளவில் உள்ளது. ஒதியம்பட்டு வயல்களின் வடிகால் நீரும் இறுதியில் அத்திசையையே நாடுகின்றது. பூச்சிமருந்து மிகுதியும் குப்பையும் சாக்கடையும் அவ்வழியே சென்றால் கழியிலுள்ள மீன்குஞ்சுக்கும் கண்டலுக்கும் கேடு. மேட்டு நிலத்துக் குடியானவரும் கழிமுகத்து மீனவரும் ஒரே நீரின் பங்காளிகள் என்பதை இது நினைப்பூட்டும்.

கவனிக்க வேண்டியவை

மேற்சொன்ன அனுபவத்திலிருந்து ஏரிச் சங்கங்களும் கிராம உத்தியோகஸ்தர்களும் கீழ்க்கண்டவற்றைக் கைக்கொள்ளலாம்.

1. எவ்விதப் பொருளுதவியும் வருவதற்கு முன்பே ஊர்ச் சங்கம் உயிருடன் இருக்க வேண்டும். பணத்துக்காக அவசரத்தில் கூட்டிய சங்கம் பணம் தீர்ந்ததும் கலைந்துவிடும்.

2. பதிவான சங்கம் ஆண்டுக்கூட்டத்தைத் தவறாமல் நடத்தி, நிர்வாகக் குழுவின் பட்டியலைப் பதிவாளருக்கு உரிய காலத்தில் அனுப்ப வேண்டும். பல ஆண்டு அனுப்பாது விட்ட சங்கம், உதவி தேடி வரும் சமயத்தில் இடர்ப்படும்.

3. வரவு செலவுக் கணக்கு ஊரார் காணும் இடத்தில் படிக்கப்பட வேண்டும். சந்தேகம் எழுந்த இடத்தில் தூர் வார ஆள் வராது.

4. நிதியில் ஒரு பகுதியைப் புது வேலைக்குச் செலவிடாமல், ஆண்டுதோறும் செய்யும் பராமரிப்புக்கென்று வங்கியில் தனியே வைத்தல் நலம்.

5. நோயறிந்து மருந்து செய்ய வேண்டும். ஏரியில் நீர் நில்லாமைக்குக் காரணம் கரையா, மதகா, வரத்துக்காலா, நீர்ப்பிடிப்பா என்று மட்டம் பார்த்துத் தெளிந்த பின்னரே செலவில் இறங்க வேண்டும்.

6. புதிய முறையை முதலில் சிறு அளவில் பரீட்சித்துப் பார்க்க வேண்டும்.

7. நிலமற்ற தொழிலாளர், கால்நடை மேய்ப்போர், ஏரியில் மீன் பிடிப்போர் ஆகியோரையும் சங்கத்தில் சேர்க்க வேண்டும். ஏரியால் பயனடையாதவன் ஏரியைக் காக்க மாட்டான்.

8. வில்லியனூர், பாகூர்க் கொம்யூன்களின் சங்கத்தார் சிலர் சேர்ந்து ஒருமுறை பிச்சாவரம் சென்று, படகில் அமர்ந்து, வாய்க்கால் வெட்டிய திடலையும் வெட்டாத திடலையும் அருகருகே பார்த்து வருவது, பல பிரசங்கங்களைக் கேட்பதினும் பிரயோஜனமாகும். வடகிழக்குப் பருவமழை ஓய்ந்த தை, மாசி மாதங்கள் இதற்கு ஏற்றவை.

இரு தேசங்கள் கூடிய சங்கம் தன் வேலையை முடித்துக்கொண்டு விலகிற்று. கழியில் இன்னும் நாளுக்கு இருமுறை நீர் ஏறி வடிகின்றது. ஒவ்வோர் ஏற்றத்திலும் சிறிது வண்டல் வாய்க்காலில் படிகின்றது. புதுச்சேரியின் ஏரிகளுக்கும் அவ்வாறே ஆண்டுதோறும் மழைநீரும் வண்டலும் சேர்ந்தே வருகின்றன. ஐப்பசி மழைக்கு முன் வரத்துக்காலைத் தூர் எடுக்கும் நாளை ஒவ்வோர் ஏரிச் சங்கமும் இப்பொழுதே குறித்துவைத்தல் வேண்டும்.